மாட்டுக் கேசட் சம்பந்தமாகக் காப்பார் மச்சானுக்கு

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.
14.3.1993, ஞாயிற்றுக்கிழமை காலை.

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய காப்பார் மச்சான் பக்கிரிசாமி அவர்கள் சமூகத்துக்கு, பிரிக்பீல்ட்ஸ் மாப்பிள்ளை வேலாயுதம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும், உங்கள் தங்கை பவுனம்மாளும், அறுநூற்றுப் பதினொரு கேசட்டுகளும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகம். அங்கே நீங்களும், தங்கச்சி புஷ்பவல்லியும், இரண்டு மாடுகளும், அந்த நாயும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். நாயை நான் நினைப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். உங்கள் காய்ச்சல் முழுதாக விட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

வீட்டில் டெலிபோன் இருக்கும்போது மாப்பிள்ளை எதற்குக் கடிதம் எழுதுகிறார், யாருக்கு என்ன ஆயிற்று என்று பதற வேண்டாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் டெலிபோன் சமையலறைக் கதவுக்கு நேர் எதிரே இருக்கிறது. அது இன்னும் விரலை விட்டுச் சுற்றுகிற பழைய டெலிபோன். நான் இரண்டு எண் சுற்றுவதற்குள், அது சுற்றித் திரும்புகிற சத்தத்தைக் கேட்டே யாருக்குப் போடுகிறேன் என்று உங்கள் தங்கை உள்ளிருந்தபடி சொல்லிவிடுவாள். இப்போதுகூட நான் பென்ஷன் ஆபீசுக்கு எழுதுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இத்தனை பக்கம் பென்ஷன் ஆபீசுக்கா என்று இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டாள்.

விஷயம் மிகச் சின்னது. போன மாதம் 28-ஆம் தேதி உங்களுக்குக் காய்ச்சல் என்று பார்க்க வந்த பவுனம்மாள், ஆறு ஆப்பிளும் ஒரு டின் மைலோவும் ஒரு கேசட்டும் கொண்டுவந்து கொடுத்தாள் அல்லவா. ஆப்பிளும் மைலோவும் உங்களுக்கே. அந்தக் கேசட்டை மட்டும், பெட்டியோடு, கூடிய சீக்கிரம் திருப்பி அனுப்பினால் உபகாரமாக இருக்கும். அட்டையில் 'கறவை மாடு வளர்ப்பு' என்று போட்டு ஒரு மாட்டுப் படம் இருக்கும். அது எனக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது. நாலாவது மாடியில் குடியிருக்கிறவனுக்கு மாடு வளர்ப்பில் என்ன அவசரம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்ல நேற்று முழுக்க முயற்சி செய்து பார்த்துவிட்டு, முடியாது என்று தெரிந்த பிறகுதான் இந்தத் தாளை எடுத்தேன்.

நான் கேசட் சேர்ப்பது உங்களுக்குத் தெரியும், ஆனால் எப்படிச் சேர்க்கிறேன் என்பது தெரியாது. ரயில்வேயில் முப்பத்திரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர்கள் பெரும்பாலும் கோவில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. சனிக்கிழமை தோறும் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போய், பழைய சாமான் விற்கிற இடத்தில் குந்தி உட்கார்ந்து கேசட் புரட்டுவேன். எல்லாக் கேசட்டும் என் வீட்டுக்கு வர முடியாது. கம்பெனிக்காரன் தானே பதிவு செய்து, அட்டை அச்சடித்து, இனி எவனும் இதன்மேல் வேறெதையும் பதியக் கூடாது என்று முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பல்லையும் உடைத்து அனுப்பினானே, அதுதான் கேசட். காலி கேசட் வாங்கி அதில் பாட்டுப் பிடித்து வைப்பதெல்லாம் கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் கொண்டுபோய்ச் சாம்பார் வாங்கி வருகிற மாதிரி. இந்த ஐம்பத்தேழு வயது வரைக்கும் நான் ஒரு காலி கேசட்டைக் காசு கொடுத்து வாங்கியதில்லை. இப்போது பளபளவென்று தட்டு மாதிரி ஒன்று வந்துவிட்டதால் ஆளாளுக்குக் கேசட்டை மூட்டை கட்டி வீசுகிறார்கள். எனக்கு இதைவிட நல்ல காலம் வராது.

கேசட்டுக்கு எதிரி வெயில் என்பார்கள், பூஞ்சை என்பார்கள். அனுபவத்தில் சொல்கிறேன், முதல் எதிரி சொந்தக்காரர்கள். வருவார்கள், டீ குடிப்பார்கள், அலமாரி முன்னால் நிற்பார்கள், 'ஒரு வாரம்தான் மாப்பிள்ளை' என்பார்கள். பக்கத்து வீட்டு ஜெயராஜ் சொந்தக்காரன்கூட இல்லை, இருந்தும் அங்கிள் அங்கிள் என்று கூப்பிட்டே ஏழு கேசட் கொண்டுபோனான். உங்களைச் சொல்லவில்லை. சரி, மனதில் வைத்துக்கொள்வானேன், உங்களையும்தான் சொல்கிறேன். 1984-இல் உங்கள் மூத்தவளின் சடங்குக்கு என்று மூன்று கேசட் வாங்கிப்போனீர்கள். ஒன்றை லோரி டேஷ்போர்டில் வெயிலில் போட்டு அப்பளமாக்கிக் கொண்டுவந்தீர்கள். இன்னொன்று முழுசாக வந்தது, ஆனால் பல் இருந்த ஓட்டையில் யாரோ காகிதத்தை அடைத்திருந்தார்கள். போட்டுக் கேட்டால் பாட்டுக்கு நடுவே உங்கள் மூத்தவள் 'என் பள்ளிக்கூடம்' என்று மலாய்க் கட்டுரை வாசிக்கிறாள். அந்தக் கட்டுரை இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். மூன்றாவது கேசட்டைக் கேட்டதற்கு 'வருது மாப்பிள்ளை' என்றீர்கள். ஒன்பது வருஷமாக வந்துகொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் எனக்கு இந்த யோசனை வந்தது. நல்ல கேசட்டை நல்ல பெட்டியில் வைத்தால்தானே கேட்பார்கள். யாருமே இரவல் கேட்காத பெட்டியில் வைத்துவிட்டால்? கிள்ளானில் ஒருவரிடம் அந்த மாதிரிக் கேசட்டுகளாகப் பார்த்துப் பொறுக்கினேன். 'கறவை மாடு வளர்ப்பு' ஒன்று, 'நீரிழிவு நோயாளிகளுக்கான உணவு முறை' ஒன்று, 'எளிய மலாய் இலக்கணம்' ஒன்று. மாட்டுக் கேசட் அட்டையின் பின்பக்கம் என்னென்ன விஷயம் பேசியிருக்கிறார்கள் என்று வரிசையாகப் போட்டிருந்தது: தீவனம், மடிநோய், கொட்டகைச் சுத்தம், கறக்கும் நேரத்தில் இசை. இதை எவன் இரவல் கேட்பான் என்று படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்து, "உங்களுக்கு மாடு இருக்கா அண்ணே" என்றார். இனிமேல்தான் என்றேன். உள்ளே இருந்த பேச்சுக் கேசட்டுகளை எடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டேன். அந்தப் பெட்டிகளுக்குள் என் உயிருக்கு உயிரானவை போய் உட்கார்ந்தன. ஏழு வருஷமாக ஒரு சொந்தக்காரனும் அந்த வரிசையைத் தொடவில்லை. நான் நிம்மதியாக இருந்தேன்.

இந்த மாதம் 4-ஆம் தேதி வியாழக்கிழமை நீங்கள் டெலிபோன் செய்தீர்கள். பவுனம்மாள்தான் எடுத்தாள். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அண்ணன் பேசுறாரு. மாட்டுக் கேசட்டு ரொம்ப நல்லாருக்காம். அதுல உள்ள மாதிரியே செய்யறாராம், மாடு தலைய ஆட்டிக்கிட்டே பால் குடுக்குதாம். ரெண்டு போத்தல் கூடுதலா வருதாம். மாப்பிள்ளைக்குப் பெரிய மனசுன்னு சொல்லச் சொன்னாரு."

நான் எழுந்து அலமாரியைப் பார்த்தேன். நீரிழிவு இருந்தது. மலாய் இலக்கணம் இருந்தது. நடுவில் ஒரு பல் விழுந்த மாதிரி சந்து இருந்தது.

"அத ஏன் குடுத்தே?" என்றேன்.

"மாடு வச்சிருக்கிறவங்களுக்குத்தானே மாட்டுக் கேசட்டு. நாம நாலாவது மாடியில இருக்கோம்லா. லிஃப்டே பாதி நாளு ஓட மாட்டேங்குது, மாட்டை எப்படி ஏத்துவீங்க?"

இதற்கு மேல் மறைத்துப் பயனில்லை. மச்சான், நீங்கள் நின்றுகொண்டு படித்தால் இந்த இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளுங்கள். அந்தப் பெட்டிக்குள் நான் வைத்திருந்தது உங்கள் கேசட்.

1977-இல் கிள்ளான் கோவில் திருவிழாவில் உங்கள் கோஷ்டியின் நாதஸ்வரக் கச்சேரியை, கீதவாணி என்று ஒரு சின்னக் கேசட் கடைக்காரர் மேடையில் இரண்டு மைக் வைத்துப் பதிவு செய்து, இருநூறு பிரதி போட்டாரே, அதுதான். அட்டையில் கீழே பொடி எழுத்தில் 'தவில்: பக்கிரிசாமி, காப்பார்' என்று இருக்கும். பாதிப் பிரதி விற்பதற்குள் கடைக்குள் வெள்ளம் புகுந்து மீதியைக் கொண்டுபோயிற்று. உங்களுடைய சொந்தப் பிரதியின் ரிப்பனைப் பிள்ளைகள் உருவித் தொட்டிலுக்குத் தோரணம் கட்டிவிட்டார்கள். மூன்று வருஷம் கழித்துத் துறைமுக வேலையில் சங்கிலி அறுந்து விழுந்து உங்கள் வலது மணிக்கட்டு நொறுங்கியது. பண்டமாரானில் நீங்கள் குடியிருந்த வீட்டுக்கு நான் பார்க்க வந்தபோது, தவிலைத் துணி போட்டு மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தீர்கள். அதற்குப் பிறகு அதை நீங்கள் தொடவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடித்து, நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நான் ஒரு காலத்துல வாசிச்சேன்றதுக்கு ஒரு அத்தாட்சிகூட இல்ல மாப்பிள்ள, ஒரு கேசட்டாவது மிஞ்சியிருக்கலாம்" என்று சொல்வீர்கள். அந்த நேரத்தில் நான் முறுக்கை எடுத்துக் கொஞ்சம் சத்தமாகக் கடிப்பேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முறுக்கு கடினம் என்று பவுனம்மாள்கூட ஒரு வருஷம் கோபித்துக்கொண்டாள். முறுக்கில் குற்றமில்லை. 1986-லேயே அந்தக் கேசட் எனக்குக் கிடைத்துவிட்டது. கிள்ளானில் அலுமினியப் பாத்திரங்களுக்கு அடியில் கிடந்தது. உங்கள் பேரைப் பார்த்ததும் விலைகூடப் பேசாமல் வாங்கினேன். நேராகக் காப்பார் பஸ் ஏறியிருக்க வேண்டியவன், வீட்டுக்கு ரயில் ஏறினேன்.

ஏன் என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம், இவர் கையில் போனால் இதுவும் அப்பளமாகும் என்று பயந்தேன். இரண்டாவது வருஷம், ஏன் ஒரு வருஷமாகச் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று பயந்தேன். ஒரு வருஷம் சொல்லாமல் இருந்துவிட்டால் மறு வருஷம் சொல்வதற்கு இரண்டு காரணம் தேவைப்படுகிறது, அதற்கடுத்த வருஷம் மூன்று. இப்படியே ஏழு வருஷம் ஓடிவிட்டது. பவுனம்மாளுக்கும் தெரியாது. அவளிடம் சொல்வதும் உங்களிடம் சொல்வதும் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை அவள் கோவிலுக்குப் போனதும் கதவைச் சாத்தி, காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். இரண்டாவது பக்கத்தில் நாதஸ்வரம் நின்று நீங்கள் தனியாக வாசிக்கிற இடம் வரும்போது ஒவ்வொரு தடவையும் எனக்குக் கண் கலங்கும். இப்படி ஒரு மனுஷனை மச்சானாக வைத்துக்கொண்டு, அவர் வாசிப்பை அவருக்கே தெரியாமல் ஒளித்து வைத்துக் கேட்கிறோமே என்று வெட்கமாகவும் இருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டே திரும்பச் சுற்றி இன்னொரு தரம் கேட்பேன்.

அதனால்தான் உங்கள் டெலிபோனுக்குப் பிறகு எனக்கு இரண்டு விதமாகக் கவலை. ஒன்று, உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே பிரதி, தினமும் இரண்டு வேளை மாட்டுக் கொட்டகையில், சாணி ஈரத்தில், ஓடித் தேய்ந்துகொண்டிருக்கிறது. இன்னொன்று அந்தப் 'பெரிய மனசு'. உங்கள் தவிலை நீங்களே அடையாளம் கண்டுகொண்டு, ஏழு வருஷக் கள்ளனைக் குத்திக்காட்டத்தான் அப்படிச் சொன்னீர்களா, அல்லது உண்மையாகவே சொன்னீர்களா? ஐந்து நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சோறு இறங்கவில்லை. சோறு இறங்காததற்குச் சர்க்கரைதான் காரணம் என்று உங்கள் தங்கை என்னைக் கிளினிக்குக்கு இழுத்துப்போனாள். அங்கே உண்மையிலேயே சர்க்கரை கூடுதலாகத்தான் இருந்தது.

கடைசியில் போன செவ்வாய்க்கிழமை, கண் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிள்ளான் போய், அங்கிருந்து காப்பார் பஸ் பிடித்தேன். என் திட்டம் இதுதான். நாலு மணிக்குக் கறக்கிற நேரத்தில் நீங்கள் மாட்டில் கவனமாக இருப்பீர்கள். சும்மா பார்க்க வந்தவன் மாதிரி கொட்டகைக்குள் வந்து, பேச்சோடு பேச்சாக உங்கள் கேசட்டை எடுத்துவிட்டு, பிஸ்கட் டின்னில் மாட்டுப் பேச்சு ஏனோ அகப்படாததால் சட்டைப் பையில் கொண்டுவந்திருந்த மலாய் இலக்கணப் பேச்சைச் செருகிவிட வேண்டும். மாட்டுக்கு வித்தியாசம் தெரியாது, உங்களுக்குத் தெரிவதற்குள் நான் பஸ் ஏறிவிடலாம்.

உங்கள் வீட்டுப் பின்பக்கத் தகர வேலி வரைக்கும் வந்துவிட்டேன் மச்சான். கொட்டகைக்குள்ளிருந்து தவில் கேட்டது. அந்தக் கையை எனக்குத் தெரியாதா? வலது கைத் தட்டு விழுந்து, அரை நொடி தயங்கி, அடுத்தது வருமே, அதே கை. வேலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஆனால் எவ்வளவு நேரம் நின்றும் தவில் மட்டும்தான் வந்தது. நாதஸ்வரமே இல்லை. கீதவாணிக் கடைக்காரர் நாதஸ்வரத்துக்கு ஒரு மைக், தவிலுக்கு ஒரு மைக் வைத்தவர். அப்படியானால் உங்கள் ரேடியோவில் ஒரு பக்க ஸ்பீக்கர் போய்விட்டது. மிச்ச ஸ்பீக்கரும் கிழிந்திருக்க வேண்டும், ஒலி தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. அதைவிட மோசம், நாலு ஆவர்த்தம் ஓடுகிறது, நிற்கிறது, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப ஓடுகிறது. ரிப்பன் சிக்கிச் சிக்கி விடுகிறது என்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? இன்னும் இரண்டு நாள் போனால் உருளை எல்லாவற்றையும் இழுத்துத் தின்றுவிடும். இனி மறைவாவது ஒன்றாவது, கூப்பிட்டே விடலாம் என்று 'மச்சான்' என்று வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் உங்கள் நாய் என்னைப் பார்த்தது.

வியாழக்கிழமை நீங்கள் மறுபடி டெலிபோன் செய்து, பட்டப்பகலில் மாடு திருட ஒருத்தன் வந்தான், நாய் அவனை லோங்காங் சாக்கடையில் தள்ளி ஒரு செருப்பைப் பிடுங்கிக்கொண்டது என்று பவுனம்மாளிடம் சொன்னீர்களாம். அந்தத் திருடன் நான்தான். தண்ணீர் அதிகமில்லை, முட்டிவரைக்கும்தான். மலாய் இலக்கணம் நனைந்துவிட்டது. ஒற்றைச் செருப்போடு இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்தேன். உங்கள் தங்கை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கண் டாக்டரு செருப்பையுமா கழட்டி வச்சிக்கிட்டாரு?" என்று மட்டும் கேட்டாள்.

இதுதான் நடந்தது. இனி உங்கள் கையில் இருக்கிறது. கேசட் உங்களுடையது, அதில் உள்ள கை உங்களுடையது, எனக்கு அதில் ஒரு உரிமையும் இல்லை. ஆனாலும் கெஞ்சிக் கேட்கிறேன், இந்தக் கடிதம் கிடைத்த நிமிடத்திலிருந்து அதைக் கொட்டகையில் போடாதீர்கள். சிக்கிக்கொண்டிருந்தால் பிடித்து இழுக்காதீர்கள், ஒரு பென்சிலை ஓட்டையில் விட்டு மெதுவாகச் சுற்றுங்கள். லோரியில் வைக்காதீர்கள். புஷ்பவல்லி தங்கச்சியிடம் சொல்லி, அரிசி டின்னுக்குப் பக்கத்தில் இருட்டாக, காய்ந்த இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பவுனம்மாளோடு முன்வாசல் வழியாகவே வருகிறேன். அதை ஒருமுறை சுத்தம் செய்து கொடுக்கிறேன். அதற்குப் பிறகு நீங்களே வைத்துக்கொண்டாலும் சரி, வருஷத்துக்கு ஒரு நாள் எனக்கு இரவல் கொடுத்தாலும் சரி. கொடுத்தால் சொன்ன தேதியில் திருப்பித் தருவேன். ஒரு சொந்தக்காரனாவது அப்படி இருக்கட்டும்.

தங்கச்சி புஷ்பவல்லிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசி, மூத்தவளுக்கு அவள் கட்டுரை நன்றாக இருந்தது என்று இப்போதாவது சொல்லிவிடுங்கள். மாடுகள் நிறையக் கறக்கட்டும், உங்கள் வீட்டில் காய்ச்சல் என்ற பேச்சே இனி வராமல் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக நீங்கள் என்மேல் கோபப்படாமல் இருக்க எல்லாம் வல்லவன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
ஏழு வருஷமாக வாய் திறக்காத உங்கள் மாப்பிள்ளை,
வே. வேலாயுதம்

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம். கையெழுத்துப் போட்டு, தாளை மடித்து, உறையை நாக்கில் வைக்கப்போகும்போது கூடத்திலிருந்து நாதஸ்வரம் கேட்டது. எழுதி எழுதி மூளை கலங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பின்னாலேயே தவில் வந்தது, உங்கள் தவில், சுத்தமாக, சிக்கல் இல்லாமல்.

ஓடிப்போய்ப் பார்த்தால் உங்கள் தங்கை கையில் கரண்டியோடு ரேடியோ முன்னால் நிற்கிறாள். எனக்குச் சர்க்கரை கூடிவிட்டது, இனி என்ன சமைப்பது என்று தெரிந்துகொள்ளலாம் என்று 'நீரிழிவு நோயாளிகளுக்கான உணவு முறை'யை எடுத்துப் போட்டிருக்கிறாள். டாக்டர் பேசுவார் என்று காத்திருந்தவளுக்குக் கிள்ளான் திருவிழா கேட்டிருக்கிறது. என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "இது எங்கண்ணன் கை. நம்ம கல்யாணத்துல வாசிச்ச கை."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. போன தீபாவளிக்கு முன்னால் ஜெயராஜ் அலமாரியைப் பார்த்து, "அங்கிள், மாட்டுக் கேசட்டு உங்களுக்கு எதுக்கு" என்று கேட்டான். சந்தேகப்படுகிறானே என்று பயந்து, அன்றைக்கே உங்கள் கேசட்டை நீரிழிவுக்கு மாற்றி, பிஸ்கட் டின்னில் இருந்த மாட்டுப் பேச்சை மாட்டுப் பெட்டிக்கே திருப்பி வைத்தவன் நான்தான். திருட்டுக்குப் பயந்து இடம் மாற்றிவிட்டு, மாற்றியதையே மறந்துவிட்டேன். போதாததற்கு, தீபாவளிக்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் கிள்ளானில் புதிதாக வாங்கியவற்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆக, உங்களிடம் இருப்பது உண்மையான மாட்டுக் கேசட். நான் கேட்ட மன்னிப்பு, சொன்ன குற்றம், கொடுத்த பென்சில் யோசனை எதுவும் தேவைப்படவே இல்லை.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடப் போனேன். பவுனம்மாள் அதை என் கையிலிருந்து பிடுங்கி, அடுப்பை அணைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தாள். முறுக்கு விஷயம் வந்த இடத்தில் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். முடித்துவிட்டு, "கிழிச்சீங்கன்னா நானே போன் போட்டு எல்லாத்தயும் சொல்லிடுவேன். ஒரு எழுத்துக் குறையாம அனுப்புங்க" என்றாள். பிறகு தாளை மடித்துக்கொண்டே, "கேசட்டு இங்கதான் இருக்கு. அப்ப அன்னைக்குக் கொட்டகையில நீங்க கேட்டது என்னா?" என்று கேட்டாள்.

அந்த அட்டையின் பின்பக்கம் என் கண் முன்னால் வந்தது. தீவனம், மடிநோய், கொட்டகைச் சுத்தம், கறக்கும் நேரத்தில் இசை. நாதஸ்வரம் கேட்காதது ஸ்பீக்கர் கோளாறு இல்லை. தகரச் சத்தம் தகர டப்பாவிலிருந்தே வந்தது. நாலு ஆவர்த்தத்துக்கு ஒரு தரம் நின்றது ரிப்பன் சிக்கி இல்லை, மணிக்கட்டு வலித்து. மச்சான், அது நீங்கள்தானே. பதின்மூன்று வருஷம் கழித்து, ஒருவரிடமும் சொல்லாமல், மாட்டுக்கு மட்டும் வாசிக்கிறீர்கள். எங்கள் இருவருக்கும் அழுகை வந்துவிட்டது. மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான் ஆயிற்று.

சாப்பிட்டுவிட்டுக் கீழே கடைக்குப் போனேன். நான் கேட்டதைக் கேட்டுக் கடைக்காரர், "காலி கேசட்டா? நீங்களா அண்ணே?" என்று இரண்டு தரம் கேட்டார். ஆமாம் என்று காசைக் கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குள் வந்துவிடுவோம். பழைய கேசட் உங்களுக்கு, திருப்பித் தர வேண்டாம். ரேடியோவும் மைக்கும் நான் கொண்டுவருகிறேன். நீங்கள் நாயை மட்டும் கட்டி வையுங்கள். ஒரு செருப்புதான் மிச்சம் இருக்கிறது. பதிவு முடிந்ததும் இரண்டு பல்லையும் என் கையாலேயே உடைத்து, 'தவில்: பக்கிரிசாமி, காப்பார்' என்று பெரிய எழுத்தில் அட்டை எழுதி, அலமாரியில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் வைப்பேன். அறுபது நிமிடக் கேசட்டாகத்தான் வாங்கியிருக்கிறேன் மச்சான். எத்தனை தரம் நிறுத்தி நிறுத்தி வாசித்தாலும் அதில் இடம் இருக்கிறது.